சோம்பேறி நண்டின் ராஜினாமா

ஒதாவாரா,
பிப்ரவரி, ஞாயிறு மாலை

பெருமதிப்பிற்குரிய செகினே அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் உசுகி நொரிஹிகோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

கோட்டைப் பூங்காவில் பிளம் பூத்துவிட்டது. கடற்காற்று மட்டும் இன்னும் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கிறது. நுமாஸுவில் தாங்களும் சயோகோ அக்காவும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டுக்கு அனுப்பிவைத்த ஆரஞ்சுகள் கடைசிச் சுளைவரை தித்தித்தன. மசுமி தோலைக்கூட எறியாமல் காயவைத்துக் குளியல் தொட்டியில் போட்டுக்கொண்டாள். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கையில் தேநீர் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிட்டு மேற்கொண்டு படிக்கவும்.

அறுபது முடிந்து, அச்சகத்தில் பூங்கொத்து கொடுத்துக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பியபோது, இனி என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டு நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்கள்தான் பள்ளித் தோழரான கமபோகோ முதலாளியிடம் போய், "என் மச்சினன் சாது, சொன்னதைச் செய்வான், வம்புதும்புக்குப் போகமாட்டான்" என்று உத்தரவாதம் சொல்லி, அரைத்த மீனைப் பலகையில் ஒட்டி அவித்து விற்கும் அந்தக் கம்பெனியின் பார்சல் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தீர்கள். அத்தான், அந்த வேலையிலிருந்து நான் சென்ற புதன்கிழமை ராஜினாமா செய்துவிட்டேன். அதாவது நான் செய்யவில்லை, எனக்காகச் செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வியாழக்கிழமையும் வேலைக்குப் போனேன், வெள்ளிக்கிழமையும் போனேன், நாளைக்கும் போவேன். இது எப்படி என்று விளங்க வேண்டுமானால் நான் முதலில் ஒரு நண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதும்போதே காது சுடுகிறது.

போன வருஷம் மசுமி ஹவாய் நடனம் கற்றுக்கொள்கிறேன் என்று மாலை வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் நான், தொலைக்காட்சி, ஆறிப்போன மிசோ சூப்பு. அப்போதுதான் கணினியில் ஒரு கடல் விளையாட்டு கண்ணில் பட்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே சமயத்தில் ஆடும் விளையாட்டு. நமக்கு ஒரு சின்னப் படகு கொடுப்பார்கள். அதில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டியதுதான். பகலெல்லாம் மீன், ராத்திரியும் மீனா என்று தாங்கள் கேட்பீர்கள். திரையில் வரும் மீன் நாறாது அத்தான், யாருக்கும் பார்சல் கட்டவும் வேண்டாம். எனக்கு நானே 'சோம்பேறி நண்டு' என்று பெயர் வைத்துக்கொண்டு, அலையைப் பார்த்தபடி அயிலை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சில வாரங்கள் எவ்வளவு சுகமாக இருந்தன என்று சொல்லி முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றுக்கும் உதவாத ஒன்றை மனதாரச் செய்துகொண்டிருந்தேன். அப்படியே இருந்து தொலைத்திருக்கலாம். ஒருநாள் பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. "நண்டு அண்ணே, தனியா என்ன பண்றீங்க? எங்க கூட்டத்துல சேந்துக்கோங்க. எல்லாம் ஜாலிதான்" என்று எழுத்து வந்தது. எழுதியவர் அந்தக் கூட்டத்தின் கேப்டன். அவர் பெயர் புட்டிங் மகாராஜா. ஆணோ பெண்ணோ, பள்ளிக்கூடப் பையனோ பல் டாக்டரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே இருபது பேர் இருந்தார்கள். நிஜமாகவே ஜாலியாகத்தான் இருந்தார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தால் வருவார்கள், போனால் போவார்கள். ஒருநாள் எல்லோருமாகச் சேர்ந்து ராட்சத ஆக்டோபஸ் ஒன்றோடு சண்டைக்குப் போய், கப்பலோடு மூழ்கினோம். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது, அத்தான், அப்போது நான் என் இந்தக் கையால் தட்டி எழுதினேன்: "எல்லாரும் இன்னைக்கு ரொம்பப் பாடுபட்டீங்க. என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒரு சின்னக் கூட்டம் போட்டுப் பேசினா நல்லதோ?" அச்சகத்தில் மை சிந்தினாலும் கூட்டம், சிந்தாவிட்டாலும் கூட்டம் என்று முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். வாயில் வேறு என்ன வரும்? சிரிப்பு நின்றுபோனது. "நல்ல யோசனை அண்ணே" என்றார் கேப்டன். அன்றைக்குப் பிடித்தது சனி. கூட்டம் என்றால் யார் யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டும், ஆகவே ஆஜர் எடுப்போம் என்றேன். ஆஜர் என்றால் நேரம் வேண்டும். நேரம் என்றால் தாமதமாக வந்தவர் விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாம் நான் பூட்டிய பூட்டுகள். புட்டிங் மகாராஜா ஒவ்வொன்றாகச் சாவி போட்டு இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தினமும் சாப்பிட்ட கையோடு ஆஜர். உள்ளே வரும்போது எல்லோருக்கும் வணக்கம், போகும்போது "உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன், மன்னிக்கணும்" என்று எழுத வேண்டும். ஆனால் யாரும் அதை எழுதமாட்டார்கள், ஏனென்றால் கேப்டன் கிளம்பவில்லை. கேப்டனுக்குக் கொட்டாவி வருகிறதா என்று இருபது பேரும் அவரவர் வீட்டில் காத்துக்கொண்டிருப்போம். 'பால்புட்டி' என்று ஒருவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் போனதற்கு மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லைங்க, அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிடுங்க" என்று அவருக்குப் பதில் எழுதியது யார் தெரியுமா? நான்தான். குழந்தைக்கு வரப்போகும் காய்ச்சலை முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்! எனக்குக் கொடுத்த பொறுப்பு சரக்கு. கப்பலுக்கு மருந்து காய்ச்சக் கடல்பாசி வேண்டும், அது விடிகாலையில்தான் முளைக்கும். ஆகவே நான் வேலைக்குக் கிளம்புமுன் அலாரம் வைத்து எழுந்து பாசி பறித்தேன். ஹகோனே வெந்நீர் ஊற்றுக்கு மசுமியைக் கூட்டிப்போய் இரண்டு நாள் தங்கியபோது, லீவு எடுத்ததற்குப் பரிகாரமாக இருபது பேருக்கும் விளையாட்டுக்குள்ளேயே சந்தையில் இனிப்பு வாங்கிப் பங்கிட்டேன். ஒருத்தருக்கு விட்டுப்போய்விட்டது. அவர் ஒரு வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. முகமே கிடையாது, ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. தங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜனவரியில் ஒரு பகல் நேரத்தில் ஆக்டோபஸோடு பெரிய சண்டை என்று கேப்டன் அறிவித்தார். எனக்கோ வேலை. என் பிரிவுத் தலைவி கிதாசுமே மேடத்திடம் போய் அரைநாள் லீவு கேட்டேன். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர், குரலை உயர்த்தமாட்டார், டிசம்பர் அவசரத்தில் எங்களோடு நின்று தானும் பெட்டி கட்டுகிறவர். "ஏதாவது விசேஷமா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். வாயில் என்ன வந்ததென்றால், தங்கள் தகப்பனாரின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவுச் சடங்கு. சென்ற இலையுதிர் காலத்திலேயே தாங்கள் கோயிலில் சிறப்பாக நடத்தி முடித்ததை நான் மறுபடியும் நடத்திவிட்டேன், அத்தான். கிதாசுமே மேடம் சாயங்காலம் ஒரு ஊதுவத்திப் பெட்டியைக் கொண்டுவந்து, "பெரியவருக்கு என் சார்பா ஏத்திடுங்க" என்று கொடுத்தார். அது எங்கள் வீட்டு அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை. அந்தச் சண்டையிலும் தோற்றோம்.

விலகிவிடலாம் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. "கேப்டன், எனக்கு வயசாயிடுச்சு, கண்ணும் சரியில்லை..." என்று தொடங்கினேன். முடிக்க விட்டால்தானே. "நண்டு அண்ணே! நீங்க இல்லாம சரக்கை யாரு பாக்கறது? உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நாங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்றார் புட்டிங் மகாராஜா. உடனே மற்றவர்களும் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று எழுதித் தள்ளினார்கள். அன்றைக்கே எனக்குத் தலைமைச் சரக்கு அதிகாரி என்று பதவி உயர்வு. என் பெயருக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு நங்கூரம் மின்னியது. அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷமும் நான் உதவி என்ற சொல் முன்னால் ஒட்டாத ஒரு பதவியைப் பார்த்ததில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அந்த நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விலகுகிறேன் என்று சொல்ல வந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் பாசி பறிக்கப் போனேன்.

தங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு. வேலையை விட நினைப்பவர் மேலதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டால், அதைச் சொல்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் அவர்களே போன் போட்டு, "இன்னார் நாளையிலிருந்து வரமாட்டார், அவரைத் தொந்தரவு செய்யவேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். மசுமி கைபேசியைப் பார்ப்பாள் என்ற பயத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பார்சல் அறையில் இருக்கும் கம்பெனி போனிலிருந்தே அப்படி ஓர் இடத்துக்குப் பேசினேன். இந்த ஒரு வரியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தது ஓர் இளம் பெண். தேன் மாதிரிக் குரல்.

"பயப்படாதீங்க சார். மெதுவா சொல்லுங்க. அங்க உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"தினமும் ராத்திரி ஆஜர் எடுக்கறாங்கம்மா."

"ராத்திரியிலயா!"

"லேட்டா வந்தா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். மேல இருக்கறவங்க கிளம்பாம யாரும் கிளம்ப முடியாது. ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுவாங்க. பதவி கொடுக்கறாங்க, வேலையும் சேத்துக் கொடுக்கறாங்க."

"வேற ஏதாவது சார்?"

"அந்த ஆக்டோபஸ் இருக்கே... திரும்பத் திரும்ப என்னைத்தான் அது முன்னாடி நிக்க விடறாங்க."

மறுமுனையில் பேனா காகிதத்தில் வேகமாக ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "இத்தனை நாள் நீங்க தாங்கினதே பெரிய விஷயம் சார். இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அத்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முழு உத்தியோக வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. என் பெயரை எழுதிக்கொண்டாள். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். விளையாட்டு என்று சொல்ல அறுபது வயதுக் கிழவனுக்கு வெட்கமாக இருக்காதா? "அதை அப்புறம் எழுதி அனுப்பறேம்மா" என்றேன். அதற்குள் கிதாசுமே மேடம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன். அன்று மாலை அனுப்பலாம் என்று நினைத்தேன், ஆஜர் வந்துவிட்டது, மறந்துபோனேன்.

அந்தப் பெண் மறக்கவில்லை. கடமை உணர்ச்சி உள்ள பெண். இந்தப் பாவப்பட்ட மனிதர் பயத்தில் கம்பெனியின் பேரைக்கூடச் சொல்ல முடியாமல் வைத்துவிட்டார் என்று எண்ணி, நான் எந்த எண்ணிலிருந்து பேசினேனோ அதே எண்ணுக்குப் புதன்கிழமை காலை போன் செய்து, "அங்க உசுகி நொரிஹிகோ சாருக்கு மேலதிகாரி யாரு?" என்று கேட்டிருக்கிறாள். "நான்தான்" என்று சொல்லியிருக்கிறார் கிதாசுமே மேடம்.

நான் அந்த நேரம் ஹகோனே விடுதிகளுக்குச் சரக்கு இறக்க வேனில் போயிருந்தேன். வானம் தெளிவாக இருந்தது, மலை முழுசாகத் தெரிந்தது, இன்றோடு பாசி பறிப்பது ஒழிந்தது என்ற நினைப்பில் விசில் அடித்துக்கொண்டு திரும்பினேன். "வந்துட்டேன்!" என்று கதவைத் திறந்தால், அலுவலகமே எழுந்து நிற்கிறது. கிதாசுமே மேடத்தின் கண் சிவந்திருந்தது.

"சார்... ஏன் வந்தீங்க?"

"வேன் வந்துச்சு மேடம், நானும் வந்தேன்."

"நீங்க என்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார். டிசம்பர்ல ஆள் இல்லைன்னுதான் உங்களை அந்த ஆக்டோபஸ் வெட்டற மேசையில நிக்க வச்சேன். உங்களுக்கு அவ்வளவு பயம்னு எனக்கு நெஜமா தெரியாது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினதும் தப்புதான். நான் கிளம்பாததால நீங்க யாரும் கிளம்பாம உக்காந்திருந்தது இன்னைக்குத்தான் எனக்குப் புரியுது." சொல்லிவிட்டு, இடுப்பு மடிய, எல்லோர் முன்னிலையிலும் எனக்குத் தலை வணங்கினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் விளையாட்டைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு குறையும் சட்டை தைத்த மாதிரி அந்த அலுவலகத்துக்குப் பொருந்தியிருக்கிறது. வாயைத் திறந்தேன். "அது வேற ஆக்டோபஸ் மேடம்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பரவாயில்லை" என்றேன்! உலகத்திலேயே நான் சொல்லியிருக்கக்கூடாத ஒரே வார்த்தை அதுதான். மேடமோ ராஜினாமாவை ஏற்கவில்லை, தொடர்ந்து வரும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும் கம்பெனி உறுதிமொழியை ரத்து செய்துவிட்டார்கள். என்னிடம் பேச வருபவர்கள் மேசையை விரலால் தட்டி அனுமதி கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். ஆக்டோபஸ் சேர்த்த கமபோகோ அடுக்கியிருந்த அலமாரியை யாரோ வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், உடனே இன்னொருவர் ஓடிவந்து அந்தத் துணிக்கு மேல் இன்னொரு துணி போட்டார்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டால் முடிந்தது. மசுமி இடுப்பில் ஹவாய்ப் பாவாடையோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கறுப்பு உடுப்பில் முதலாளியும் கிதாசுமே மேடமும். கையில் பயற்றங்கூழ் அல்வாப் பெட்டி, மன்னிப்புக் கேட்க எடுத்துப்போகிற அந்தக் கனமான ரகம். உள்ளே வந்து பாய்மேல் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டார்கள். நான் ஏதோ கையாடல் செய்துவிட்டேன் என்று நினைத்து மசுமியும் பாவாடையோடு எதிரே மண்டியிட்டுக் குனிந்தாள். தலையைத் தூக்காமலே முதலாளி கேட்டார்:

"அம்மா, வீட்டுல இவரு எப்படி இருக்காரு? உள்ளபடி சொல்லுங்க."

இந்த இடத்தில் தாங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். விளையாடுகிறேன் என்று மசுமியிடம் நான் சொல்லவே இல்லை. ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

"எப்படி இருக்காரா? சாப்பிட்ட கையோட ஆபீஸ் வேலைன்னு அறையில போய் உக்காந்துடுவாருங்க. விடியறதுக்குள்ள எழுந்து திரும்பவும் அதேதான். ஞாயித்துக்கிழமைகூட விடறதில்லை. உள்ளேயிருந்து 'செத்தேன்! செத்தேன்!'னு கத்தற சத்தம் கேக்கும். கம்பெனிக்காக இப்படி உசிரை விடற மனுஷனை நான் பாத்ததில்லைங்க."

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. "செகினே முகத்துல நான் எப்படி முழிப்பேன்" என்றார், தங்கள் பெயரைச் சொல்லி. பிறகு, கிதாசுமே மேடம் பொறுப்பேற்றுக்கொண்டுவிட்டதாகவும், ஏப்ரலில் அவரைத் தலைவி பதவியிலிருந்து இறக்கி, வடக்கே ஷியோகமா தொழிற்சாலைக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார். அந்தத் தொழிற்சாலைக்கு யாரும் விரும்பிப் போவதில்லை, தங்களுக்கே தெரியும். மேடம் தலை நிமிரவே இல்லை. "என்னாலதான் எல்லாம்" என்று மட்டும் சொன்னார். அங்கே, அந்த நிமிஷத்தில், நான் பேசியிருக்க வேண்டும். மசுமி தேநீர் கொண்டுவந்தாள். கொடுத்த அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது, அத்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் முதலாளியைப் பார்த்து, அந்தப் பெண்மேல் ஒரு பிழையும் இல்லை, என் மச்சினன் ஒரு முட்டாள், கணினியில் நண்டு வேஷம் போட்டுக்கொண்டு பொம்மை ஆக்டோபஸோடு மல்லுக்கு நின்றவன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அந்த மாற்றல் உத்தரவை நிறுத்தவேண்டும். ஒரு விலகலைச் சொல்ல ஆள் வைத்துத்தான் இந்தக் கதி வந்தது, இப்போது மன்னிப்பைச் சொல்லவும் ஆள் வைக்கிறானே என்று தாங்கள் காறித் துப்பினாலும் நியாயம்தான். எனக்குத் தைரியம் இல்லை. வேறொன்றும் இல்லை, அதுதான் காரணம். என் வேலை போனால் போகட்டும். என்னை நம்பித் தாங்கள் கொடுத்த வாக்கை நான் மண்ணாக்கினேன். தங்கள் தகப்பனாரையும் இதில் இழுத்தேன். கூலியாகக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைக்கட்டும், ஊதுவத்தி கொடுத்தவருக்கு வேண்டாம்.

அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். சொன்னால் அக்கா மசுமிக்குப் போன் செய்வாள், மசுமி நடன வகுப்பில் சொல்வாள், பிறகு ஒதாவாராவில் நான் முகமூடி இல்லாமல் நடமாட முடியாது. தங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். மாடிப்படியை விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கவும். இந்த மானங்கெட்டவனுக்கும் ஓர் உறவுக்காரர் உண்டு என்ற நினைப்பு ஒன்றுதான் இப்போது எனக்கு ஆறுதல்.

தங்கள் நிழலில் ஒதுங்கி நிற்கும்,
உசுகி நொரிஹிகோ

பின்குறிப்பு (உறையைப் பிரித்துச் செவ்வாய்க்கிழமை எழுதுவது): நேற்று காலை உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டி, மத்தியானம் பெட்டியில் போடலாம் என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பார்சல் அறைக்குக் கிதாசுமே மேடம் வந்தார். தான் போனபிறகு எந்த விடுதிக்கு எந்தக் கிழமை சரக்கு என்று பொறுமையாக எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நண்டு, பாசி, பதின்மூன்றாம் ஆண்டுச் சடங்கு, எல்லாம்.

"விளையாட்டா?" என்றார்.

"ஆமா மேடம்."

"அப்ப ஆக்டோபஸ்?"

"பொம்மைதான் மேடம். எட்டுக் கையும் இருக்கு, உசிர் இல்லை."

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சட்டைக் கையை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, சட்டென்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"இல்லை மேடம். எங்க அத்தானுக்கு எழுதியிருக்கேன். அவரு முதலாளிகிட்ட பேசி உங்க மாற்றலை நிறுத்திடுவாரு. கவலைப்படாதீங்க."

"ஐயோ, கெடுத்தீங்களே! நிறுத்தவேண்டாம் சார்!" என்றார் பதறிப்போய். "ஷியோகமாவுலதான் எங்க வீட்டுக்காரர் இருக்காரு. பொண்ணும் அங்கதான். நான் இங்க கம்பெனி அறையில தனியா கிடக்கேன். மாற்றல் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. உன்னை விட்டா இங்க ஆள் இல்லைன்னே சொல்லி அனுப்பிடுவாங்க. இப்ப தண்டனைன்னு சொல்லி அவங்களே அனுப்பறாங்க. நேத்து உங்க வீட்டுல நான் ஏன் தலையைத் தூக்கலைன்னு நினைக்கறீங்க? தூக்கியிருந்தா முகத்துல தெரிஞ்சுபோயிருக்கும்."

கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண், தன்னைவிடப் பெரிய சிவப்புப் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏப்ரலில் முதல் வகுப்பாம். சேர்க்கை விழாவுக்கு அம்மா வருவாளா என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாளாம். அத்தான், இருபது பேர் எப்போது தூங்குகிறார்கள், யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வருஷமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்கக்கூட இல்லை. மேலே எழுதியதற்கெல்லாம் பட்ட வெட்கத்தைக் கூட்டினாலும் இந்த ஒன்றுக்குப் பட்டதற்கு ஈடாகாது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவே எனக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது. நேற்று மாலையே புட்டிங் மகாராஜாவிடம் நானே சொன்னேன், விலகுகிறேன் என்று. "சரிங்கண்ணே, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான் அத்தான். அவ்வளவேதான்.

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டது எதையும் தாங்கள் செய்யவேண்டாம். முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசவேண்டாம். பின்னே எதற்குக் கடிதத்தை அனுப்புகிறாய் என்றால், இந்த உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னைத் திட்ட ஒருவராவது எனக்கு வேண்டும். ஏப்ரல்வரை நான் நொந்துபோன ஆளாகவே இருக்கவேண்டும் என்று மேடத்தின் உத்தரவு. அவர் உள்ளே வரும்போது லேசாகத் திடுக்கிட வேண்டும். நேற்று மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சிரித்துவிட்டேனாம், கூப்பிட்டுக் கண்டித்தார். காலை முதல் மாலைவரை முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பது பாசி பறிப்பதைவிடக் கஷ்டம், ஆனாலும் செய்கிறேன். முதலாளி தங்களுக்குப் போன் செய்து என்னைப் பற்றி விசாரித்தால், பையன் இன்னும் தேறவில்லை என்று மட்டும் சொல்லிவையுங்கள்.